மூன்றாவது ஜோடி

அத்தியாயம் 6

என் சம்சாரம் தினமும் சாயங்காலம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இன்னைக்கு யாரு திருடுனது?"

துப்பறியும் ஆபீஸில் வேலை என்றால் தினம் ஒரு திருடன் அகப்படுவான் என்பது அவள் எண்ணம். நானும் அவளை ஏமாற்றுவதில்லை. யாரும் அகப்படாத நாளில் ஒரு கோழித் திருடனையாவது கற்பனையில் பிடித்துக்கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவிடுவேன். அவள் சிரிப்பாள். வேறு எதற்கும் அவள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சாணார்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, மாலையில் அவளிடம் சொல்ல அசல் திருடியே ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பெயர் நர்கீஸ். வயது இருபத்தாறு. திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. அவள் திருடியதாகச் சொல்லப்பட்டது நகையோ பணமோ அல்ல. ஒரு சேதி.

"பாய், எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல," என்றேன். "நல்லதச் சொல்லிட்டான்னு ஒரு பிள்ளையப் பிடிக்கப் போறோம். கெட்டதச் சொல்லியிருந்தா மெடல் குத்தியிருப்பாகளோ?"

கிதர் முகம்மது கண்ணைத் திறக்கவில்லை. இருபது வருஷம் சி.ஐ.டி. போலீசில் இருந்துவிட்டு, மேற்கு ரத வீதியில் ஒரு பூட்டுக் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறேன் என்பதற்காக என்னைக் கண்டக்டர் வேலையிலிருந்து இழுத்துக்கொண்டவர்.

"கேஸ முதல்லேர்ந்து சொல்லு வேலு," என்றார். "நீ சொல்றப்ப எங்க இடறுதுன்னு பாக்குறேன்."

சொன்னேன்.

பிறந்து ஏழெட்டு நாளில் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தும். தாடை இறுகும். உடம்பு விறைக்கும். ஏழாம் நாள் இழுப்பு என்பார்கள். தொப்புள் கொடி அறுக்கும் அரிவாளிலிருந்தும் அதன் மேல் அப்பும் சாம்பலிலிருந்தும் வருவது. கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு தகர டப்பாவில் புது பிளேடும் நூலும் வெள்ளைத் துணியும் கொடுத்தால் சாவு குறையுமா? இதுதான் டாக்டர் வைகுண்டத்தின் ஆராய்ச்சி. குறையும் என்று அவருக்குத் தெரியும். மெட்ராஸ் கமிட்டிக்கு அத்தாட்சி வேண்டும்.

அதற்காக ஒரே மாதிரியான ஊர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தார். மொத்தம் மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் காசைச் சுண்டிவிட்டு ஓர் ஊரில் சொன்னார்கள், இன்னோர் ஊரில் சொல்லவில்லை. அவருடைய ஆராய்ச்சி நிலையத்தில் 'சொன்ன ஊர்', 'சொல்லாத ஊர்' என்றே பேர். இரண்டு வருஷம் பிறந்ததையும் இறந்ததையும் எழுதிவந்தார்கள். முதல் இரண்டு ஜோடியில் சொன்ன ஊரில் சாவு நன்றாகக் குறைந்தது. சொல்லாத ஊரில் குறையவில்லை.

மூன்றாவது ஜோடிதான் தகராறு. சொன்ன ஊர் எருக்கலம்பட்டி. சொல்லாத ஊர் ஊத்துப்பட்டி. இடையில் மூன்று மைல். முன்பு இரண்டு வருஷத்துக்கு இரண்டு ஊரிலும் பத்துப் பத்துப் பிள்ளைகள் போயின. இப்போது இரண்டு ஊரிலும் ஐந்து ஐந்து.

"சொல்லாத ஊர்ல எப்படிக் குறைஞ்சது?" என்றார் பாய்.

"யாரோ சொல்லிட்டாக. அதுவும் போன மாசம் ஊத்துப்பட்டியில ஒச்சம்மாங்கிற பொம்பள வீட்ல நிலையத்து டப்பாவே இருந்திருக்கு. டப்பா குடுக்குற வேலை நர்கீஸ் ஒருத்திக்குத்தான். டாக்டர் அவள சஸ்பெண்ட் பண்ணி, கையிலிருந்த டப்பாவையெல்லாம் வாங்கி வச்சுட்டார்."

"நர்கீஸ் என்ன சொல்லுது?"

"சொல்லாத ஊர் எதுன்னே தெரியாதுங்குது. டாக்டர் வேணும்னே அதுக்கிட்ட மறைச்சு வச்சிருக்காராம். அது மட்டும் நிசம்னு அவரே சொன்னார்."

இன்னும் பதினைந்து நாளில் கமிட்டி கூடுகிறது. மூன்றில் ஒன்று பொய்த்தால் மற்ற இரண்டும் தற்செயல் என்று சொல்லி ஃபைலைக் கட்டிவிடுவார்கள். நானூறு ஊருக்குப் போக வேண்டிய டப்பா எந்த ஊருக்கும் போகாது. சேதி கசிந்தது என்று நிரூபித்துவிட்டால் திட்டம் பிழைக்கும். ஆனால் நர்கீஸ் பிழைக்க மாட்டாள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் தகப்பனாரிடம் இரண்டு வருஷம் மன்றாடி வெளியே வந்தவள். அவள் தெருவிலிருந்து வேலைக்குப் போன முதல் பெண். இந்த வேலை போனால் அவளுக்கு அந்த வாசற்படியும் போய்விடும்.

"ஆக டாக்டருக்கு ஒரு ஆள் தேவை," என்றார் பாய்.

"இருக்கே, ரெடிமேடா."

"அதுதான் இடறுது," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஊத்துப்பட்டியில் ஒச்சம்மாள் வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. நடுவில் உட்கார்ந்து அதன் தாளை அரிந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டப்பாவப் பிடுங்கிட்டுப் போகத்தான வந்தீக? தர மாட்டேன்."

"வேணாம் ஆத்தா. பாத்துட்டுத் தந்துருவோம்," என்றார் பாய்.

சிறிது யோசித்துவிட்டு உள்ளே போய் அடுக்குப் பானைக்குள்ளிருந்து எடுத்துவந்தாள். உள்ளங்கை அளவு தகர டப்பா. மூடியில் 14 என்று கீறியிருந்தது. உள்ளே கொட்டைப்பாக்கு.

"பிளேடு எங்க ஆத்தா?"

"பிள்ள பிறந்தன்னைக்கே குழி தோண்டிப் பொதைச்சாச்சு. அப்படித்தான் செய்யணும்னு சொல்லிவிட்டாகல்ல."

"யாரு சொன்னது?"

"அந்தப் பிள்ளதான். ஒல்லியா, முக்காடு போட்டு, ஒரு கறுப்புக் குட வச்சிருக்குமே. சாந்தமான பிள்ள. இருக்கிற இடம் தெரியாமப் பேசும்."

இதைவிட நன்றாக நர்கீஸைப் போட்டோ கூடப் பிடித்திருக்க முடியாது. நான் பாய் காதருகே போனேன். "கேஸ் முடிஞ்சது. பதினொரு மணி பஸ்ஸப் பிடிச்சா பிரியாணி சூடாக் கிடைக்கும்."

பாய் என்னைப் பார்க்காமல், "அந்தப் பிள்ளைய எங்க பாத்தீக?" என்று அவளைக் கேட்டார்.

ஒச்சம்மாளின் கை நின்றது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதுக்கு எதும் வில்லங்கமா? அப்படின்னா இதுக்கு மேல என் வாயிலருந்து ஒரு பேச்சு வராது. போலீசக் கூப்பிட்டுக்கங்க."

"சரி, கேக்கல. பேரன் எங்க, சத்தத்தக் காணோம்?"

"பேரனில்ல, பேத்தி. அப்பன் வீட்டுக்குப் போயிருச்சு. அஞ்சாம் மாசமே கொண்டுபோய் விட்டாச்சு." டப்பாவை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். "ஆத்தாளும் பிள்ளையும் சொகமா இருக்காக. அதுவும் குத்தமா?"

வெளியே வந்ததும் நான் பஸ் பக்கம் திரும்பினேன். பாய் எதிர்ப்பக்கம் நடந்தார்.

"பிள்ள அப்பன் வீட்டுக்குப் போயிருச்சு," என்று மட்டும் வாய்க்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

"பிள்ளைக அப்பன் வீட்டுக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்கா போகும்?" என்றேன்.

"பேசாம வா," என்றார். பிரியாணி போனது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கிராம முன்சீப் சோலைமலை ஊர்ப் பிறப்பு இறப்பு ரிஜிஸ்தரை மேஜை மேல் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமலேயே எல்லாவற்றையும் ஒப்பிக்கக் கூடியவர். பாய் டாக்டரிடம் வாங்கியிருந்த இரண்டு ஊர்ப் பட்டியலையும் விரித்தார். தாய் பெயர், பிறந்த ஊர், தேதி, இருக்கிறதா இறந்ததா. கட்டங்கள் அவ்வளவுதான்.

"ஒவ்வொரு பேரா வாசிக்கிறேன்," என்றார் பாய். "அது அந்தத் தாய்க்கு எத்தனையாவது பிள்ளைன்னு மட்டும் சொல்லுங்க."

"எருக்கலம்பட்டிக்குமா?"

"தெரியுமா?"

"நல்லாக் கேட்டீகளே. பாதிப்பேரு எனக்கு மச்சினி, மருமக. எதிர்த்த வீடு மாதிரிதான் அது."

ஒரு மணி நேரம் போனது. தலைப்பிள்ளை என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புழுக்கம் தாங்கவில்லை. டிக்கெட் கிழித்துப் பழகிய கை என்பதால் சலிக்காமல் வைத்தேன். கடைசிப் பெயரையும் வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கே ஒன்று உறைத்தது.

"பாய், இந்த எமன் ஆள் பாத்துத்தான் வந்திருக்கான்."

"சொல்லு."

"சொல்லாத ஊர்ல அறுபத்தோரு பிள்ள பிறந்திருக்கு. அஞ்சு தவறிருச்சு. இருபது தலைப்பிள்ளைல ஒண்ணு கூடப் போகல. போன அஞ்சும் ரெண்டாவது, மூணாவது."

"சொன்ன ஊர்ல?"

நான் மறுபடி எண்ணினேன். "நேர் தலைகீழ். அறுபத்து மூணு பிறப்பு. போன அஞ்சுமே தலைப்பிள்ளைக. மத்ததுல ஒண்ணு கூடப் போகல."

பாய் பட்டியலை ஓரமாக வைத்தார். பிறகு, "வேலு, உன் தலைப்பிள்ள எங்க பிறந்துச்சு?" என்றார்.

பதினான்கு வருஷமாக யாரும் என்னை அதைக் கேட்டதில்லை.

"மாமியார் வீட்ல பாய். தொப்பம்பட்டியில."

"நீ?"

"பழனி பஸ்ல இருந்தேன். போய்ப் பாக்கிறதுக்குள்ள எட்டாம் நாளே... பேரு வைக்கல."

"தெரியும். கேட்டிருக்கக் கூடாது. ஆனா எனக்கு ஊர்ஜிதம் வேண்டியிருந்தது," என்று சொல்லிவிட்டு முன்சீப் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல தலைப்பிரசவம் எங்க?"

"இது என்னய்யா கேள்வி? ஏழாம் மாசம் வளையல் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவாக. மூணு மாசமோ அஞ்சு மாசமோ கழிச்சுப் பிள்ளையோட அனுப்புவாக. ரெண்டாவதுலேர்ந்து புருசன் வீட்லதான்."

"பொண்ணு எங்க எடுப்பீங்க?"

"எருக்கலம்பட்டியில. குடுக்குறதும் அங்கதான். வேற எங்க போவோம்? ஒரே சனம், ஒரே சாமி, ஒரே வெள்ளாம, கிணத்துத் தண்ணி கூட ஒரே ருசி. நடந்து போற தூரம்."

பாய் டாக்டரின் ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஜோடி சேர்ப்பதற்கு டாக்டர் பார்த்த விஷயங்கள்: சாதி, ஜனத்தொகை, பயிர், குடிதண்ணீர், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம், இரண்டு ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம்.

முன்சீப் படித்துவிட்டுச் சிரித்தார். "சம்பந்தம் பேசப் போனா நாங்க பாக்குறதும் இதத்தான்."

அவ்வளவுதான் விஷயம். எருக்கலம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட ஊத்துப்பட்டிப் பெண் அங்கே ஆறு வாரம் பாடம் கேட்டு, டப்பாவை வாங்கி மூட்டையில் கட்டிக்கொண்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். டப்பா 14 ஒச்சம்மாளின் மகள் அய்யம்மாளுடையது. மகளைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஒச்சம்மாள் நர்கீஸைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் சொல்லாத ஊரில் பிறந்து பிழைத்தன. ஊத்துப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட எருக்கலம்பட்டிப் பெண்ணோ எதுவும் கேள்விப்படாமல் நிறைமாதமாகத் தாய் வீடு போனாள். அவள் பிள்ளை சொன்ன ஊரில் பிறந்து இறந்தது. முதல் இரண்டு ஜோடியில் ஊர்கள் இருபது மைல் தள்ளி இருந்தன. கொள்வினை கொடுப்பினை இல்லை. அதனால் அவை தப்பித்தன.

டாக்டருக்குத் தலைப்பிரசவ வழக்கம் தெரியாதா என்றால், தெரியும். நர்கீஸுக்கும் தெரியும். ஆனால் எந்த ஊருக்கு எது ஜோடி என்று நர்கீஸுக்குத் தெரியாது. டாக்டரின் தாளில் ஊர் இருந்தது, பெண் எங்கிருந்து வந்தாள் என்ற கட்டம் இல்லை. மெட்ராஸில் கூட்டிப் பார்த்தவர்களுக்கு வெறும் எண்கள்தான்.

"ஊர விட்டுத் தள்ளு. டப்பா இருந்த வீடு, இல்லாத வீடுன்னு பிரி," என்றார் பாய்.

பிரித்தேன். டப்பா இருந்த பிறப்பு அறுபத்தொன்று. சாவு இல்லை. டப்பா இல்லாத பிறப்பு அறுபத்து மூன்று. சாவு பத்து.

ஒரு கேஸ் இவ்வளவு சுத்தமாக முடிந்து நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்ற மாதிரி மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை.

நர்கீஸ் மத்தியான பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். பாய் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். ஊர்க் கிணற்றடியில் வேப்பமர நிழலில் குடையை மடக்கிவிட்டு நின்றாள்.

"தாயி, நீ யாருக்கும் எதுவும் சொல்லல. நிரூபிச்சாச்சு," என்று பாய் எல்லாவற்றையும் விளக்கினார்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சொன்ன ஊர்ல தவறின அஞ்சு பேர் லிஸ்ட்டைப் பாக்கலாமா சார்?"

கொடுத்தேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"இவங்க அஞ்சு பேரையும் எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"பள்ளிக்கூடத்துல பாடம் சொல்றப்ப வாசல்ல வந்து நிப்பாங்க, வயித்தத் தள்ளிக்கிட்டு. நானும் உள்ள வரட்டுமான்னு கேப்பாங்க. லிஸ்ட்ல பேர் இருக்காது. இந்த ஊர்ல குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான்னு சொல்லிக் கதவச் சாத்திருவேன். உத்தரவு அப்படி." தாளை மடித்து என்னிடம் தந்தாள். "நான் தப்புப் பண்ணியிருப்பேன்னு டாக்டர் நெனைச்சார் சார். என்னப் பெத்த அத்தாவும் நெனைச்சார். நான் ஒருத்திதான், பண்ணலியேன்னு இத்தனை நாளாத் தைரியமா இருந்தேன்."

பாய் தொண்டையைக் கனைத்தார். குற்றவாளியிடம் பேச அவருக்கு நூறு வழி தெரியும். நிரபராதியிடம் பேசத் தெரியவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் அந்த அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு துணி மூட்டை. வேகமாகப் போனவள் நர்கீஸைக் கண்டதும் நின்றாள்.

"டப்பாம்மா! நீ எங்க இங்க?"

"கருப்பம்மாக்கா," என்றாள் நர்கீஸ். எங்களுக்கும் சொன்னாள்: "மருத்துவச்சி. ரெண்டு ஊருக்கும் இவங்கதான்."

அந்தக் கருப்பம்மாளைப் பற்றி டாக்டரின் ஃபைலில் ஒரு வரி இருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கப் பிரசவம் பார்ப்பவள், ஆகவே அவளுக்கு எதுவும் சொல்லக் கூடாது, சொன்னால் சொல்லாத ஊருக்கும் போய்விடும் என்று.

"நல்ல நேரத்துல வந்த தாயி. சோலையம்மாளுக்கு வலி எடுத்திருச்சு. ஒரு டப்பா இருந்தாக் குடு."

"எத்தனையாவது பிரசவம்?" என்றார் பாய்.

"ரெண்டாவது. மொதப் பிள்ள எருக்கலம்பட்டியில ஆத்தா வீட்ல பிறந்து ஏழாம் நாள் போயிருச்சு."

பட்டியலில் இரண்டாவது பெயர் சோலையம்மாள். நர்கீஸ் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"டப்பா இருக்கிற வீட்ல பிள்ள தங்குது," என்றாள் கருப்பம்மாள். "இல்லாத வீட்ல அறுத்துப் போட்டுட்டு ஏழு நாளும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். நானும் எத்தன வாட்டி கேட்டுட்டேன் உங்கிட்ட. ஒண்ணே ஒண்ணு குடேன்."

"எங்கிட்ட டப்பா இல்லக்கா. வாங்கி வச்சுட்டாங்க."

சொல்லிவிட்டு நர்கீஸ் பாயைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால், இரண்டு வருஷமாகச் செய்யாத குற்றத்தைத் துப்பறிய வந்தவர் கண்ணெதிரே செய்தவளாவாள்.

பாய் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். "மணி மூணு நாப்பது. எழுதிக்க வேலு."

எழுதினேன்.

"நான் விசாரிக்க வந்தது நடந்து முடிஞ்சத," என்றார். "இனிமே நடக்கப்போறதப் பத்தி டாக்டர் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல."

நர்கீஸ் வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "அந்த டப்பால ஒண்ணும் இல்லக்கா. அது வெறும் தகரம். கடையில ஒரு புது பிளேடு வாங்குங்க. கொஞ்சம் நூலு. தண்ணியத் தளதளன்னு கொதிக்க விட்டு, ஒரு உலை அரிசி வேகுற நேரம் ரெண்டையும் அதுலயே போட்டு வைங்க. உங்க கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அறுத்ததுக்கு அப்புறம் சாம்பல், சாணி, எண்ணெய் எதுவும் வைக்காதீங்க. சுத்தமான துணி மட்டும் போதும்."

கருப்பம்மாள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை.

"இம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

"மருந்து ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

கருப்பம்மாள் மூட்டையைப் பிரித்து அரிவாளை வெளியே எடுத்தாள். சின்ன கதிரரிவாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிணற்றுத் திட்டில் வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"போன ஐப்பசி மழையில எருக்கலம்பட்டியிலருந்து பஸ் ரோடு வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா நடந்து வந்தோம். உன் குடைக்குள்ளதான வந்தேன் தாயி."

"ஆமாக்கா."

"அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

நர்கீஸ் திட்டில் இருந்த அரிவாளைப் பார்த்தாள்.

நான் நடக்கத் தொடங்கியிருந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. மூலையில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. பிளேடும் சோப்பும் நூலும் கேட்டேன். "சவரத்துக்குங்களா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். கொளுத்தும் வெயிலில் ஓடிவந்தேன். ஓடிவரும்போது தோன்றியது, பிளேடு அந்தக் கடையில் எப்போதும் இருந்திருக்கிறது. தொப்பம்பட்டியில் மாமியார் வீட்டுக்கு எதிரிலும் ஒரு கடை இருந்தது.

ஐந்து மணி சுமாருக்கு சோலையம்மாள் வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை அழுதது. பெண் பிள்ளை என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் சாணார்பட்டி வரை நடந்து பஸ் ஏறினோம்.

பாய் ரிப்போர்ட்டை எழுதி முடித்தும் எட்டு நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். அந்த எட்டு நாளும் என் சம்சாரத்துக்குக் கோழித் திருடர்களாகவே கிடைத்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் முன்சீப் சோலைமலையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. விசாரிப்பு எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், 'சோலையம்மாள் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது' என்று முடித்திருந்தார். பாய் அதைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

டாக்டர் வைகுண்டம் ரிப்போர்ட்டை நிற்கும்போதே படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். அறுபத்தொன்றையும் அறுபத்து மூன்றையும் பென்சிலால் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க மருமக போன மாசம்தான் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனா," என்றார். "ரயில் ஏத்திவிட்டதே நான்தான்."

பிறகு கடைசிப் பத்தியை உரக்கப் படித்தார். "மூன்றாவது ஜோடியின் சொல்லாத ஊரில், மேற்படி செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம் வரை, யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை." நிமிர்ந்தார். "அதென்ன மூணு நாப்பது?"

"அதுக்கு மேல சொன்னவங்க பேர் கீழ இருக்கு," என்றார் பாய். "உங்க கணக்குல ஒளிவுமறைவு இருக்கக் கூடாதுல்ல."

கீழே மூன்று வரிகள் இருந்தன. சொன்னது நர்கீஸ். பார்த்துக்கொண்டு நின்றது கிதர் முகம்மது. மூன்றாவதை நானே என் கையெழுத்தில் சேர்த்திருந்தேன்: பிளேடு வாங்கி வந்தது வேலுசாமி.

டாக்டர் அந்தத் தாளையும் சேர்த்து ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்தார்.

"திங்கக்கிழமை நர்கீஸை வேலைக்கு வரச் சொல்லுங்க," என்றார். "அந்த மருத்துவச்சியையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சம்சாரம் அடுப்படியில் இருந்தாள்.

"இன்னைக்கு யாரு திருடுனது?"

"யாருமே இல்ல," என்றேன்.

"கோழித் திருடன் கூடவா இல்ல?"

"இல்ல."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது. களைந்த அரிசியை அதில் போட்டு மூடினாள். சோறு வேகும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். தொப்பம்பட்டியில் எதிர்க் கடையிலும் பிளேடு இருந்திருக்கும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.